கவுத்தம்மா வீட்டுக் கதவில் சிவப்பு

அந்தத் தெருவில் அவளுக்குக் கவுத்தம்மா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. அது வங்கிப் புத்தகத்தோடு பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. பாத்திரம் என்று ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றால் போதும், அவளுக்குக் கை பரபரக்கும். வாளியா, கவிழ்த்து விடு. குவளையா, கவிழ்த்து விடு. யாரோ வாசலில் விட்டுப்போன ரப்பர் செருப்பின் குழியில் நாலு சொட்டு மழைத்தண்ணீர் நின்றால் அந்தச் செருப்பையும் கவிழ்த்து விடுவாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி பாதிக் காபியைக் குடித்துவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் டம்ளரைக் கீழே வைத்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் அது தலைகீழாக நிற்கும். மீதிக் காபி எங்கே போயிற்று என்று கேட்க இதுவரை எவருக்கும் தைரியம் வந்ததில்லை.

சும்மா வந்த பைத்தியம் இல்லை இது. முந்தைய வருஷ மழைக்காலத்தில் அவள் வீட்டுக்காரருக்குக் கொசுக்கடியில் காய்ச்சல் வந்தது. மனுஷர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். அவரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் துணி மாதிரி ஒட்டிக் கிடந்தார். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன என்று டாக்டர் சொன்னபோது, அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அன்றைக்கு இரண்டு பயம். ஒன்று அவரைப் பற்றி. இன்னொன்று, தாங்கள் இருவரும் போய்விட்டால் தனியாக நிற்கப்போகிற மகனைப் பற்றி. நல்லவேளை, அவர் பிழைத்து எழுந்து, வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக டிவி ரிமோட்டைக் கேட்டார். அன்றைக்கே அவள் கவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மாடித் தொட்டிக்கு மூடி, மூடியில் இருந்த காற்றுக் குழாய்க்கு வலை, ஜன்னல்களுக்கு வலை, கட்டிலுக்கு வலை. பகலிலும் வீட்டுக்காரர் முழுக்கைச் சட்டைதான் போட வேண்டும், அதுவும் வெளிர் நிறத்தில். "வலை வலையாப் போட்டு என்னை மீனாக்கிட்டா இவ," என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அவளோ வீட்டோடு நிற்கிற ஆளா. தெருவுக்கென்று ஒரு கொசு ஒழிப்புக் குழு ஆரம்பித்து, தானே தலைவியாகி, கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு வாரம் ஒரு நாள் உலா வந்தாள். "முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். அதுக்குள்ள கொட்டிடுங்க, தேய்ச்சுக் கழுவிடுங்க, கவுத்திடுங்க." ஒலிபெருக்கி இல்லாமலே அந்தக் குரல் மூன்றாவது தெருவுக்குக் கேட்கும் என்பது வேறு விஷயம்.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஆள் வந்து ஒவ்வொரு வீடாகச் சோதிப்பது வழக்கம். புழு இல்லாத வீட்டுக் கதவில் பச்சைத் தாள் ஒட்டுவார்கள். அடுத்த மழைக்காலம் வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். புழு இருந்தால் சிவப்பு. சிவப்பு வீட்டுக்கு வாராவாரம் வந்து பார்ப்பார்கள். இதோடு சேர்த்துக் கவுத்தம்மா தன் பங்குக்கும் ஒரு விதி போட்டாள்: தொடர்ந்து நாலு வாரம் சிவப்பு வாங்கினால் அந்த வீட்டார் குழுவில் இருக்கக் கூடாது. எதிர்வீட்டு டீச்சரை மனதில் வைத்துப் போட்ட விதி அது. டீச்சர் மாடியில் அறுபது பூந்தொட்டி வைத்திருந்தாள், அறுபதுக்கும் அடியில் தட்டு. தட்டைப் பார்த்தாலே கவுத்தம்மாவுக்கு ரத்தம் கொதிக்கும். டீச்சர் பேசாமல் தட்டில் எல்லாம் மணலைக் கொட்டி நிரப்பிவிட்டு, பச்சை வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த மழைக்காலம் சோதனை வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். தோளில் பை, கையில் டார்ச், நீண்ட கைப்பிடி வைத்த கரண்டி, மூக்கில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. கவுத்தம்மா அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், நிலத்தரகர் வீட்டைக் காட்டுவது போல் ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். வாளிகள் கவிழ்ந்திருந்தன. குடங்கள் கவிழ்ந்திருந்தன. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் டார்ச்சை அடித்தாள்.

"மேடம், இதுக்கு அடியில ஒரு தட்டு இருக்குமே, பாத்திருக்கீங்களா?"

"எது? ஃப்ரிட்ஜுக்கா? தட்டா?"

பதினாறு வருஷமாக வீட்டில் நிற்கிற ஃப்ரிட்ஜ். அதற்குப் பின்னால் ஒரு தட்டு இருப்பதும், பனி உருகுகிற தண்ணீர் அதில் வந்து தேங்குவதும் கவுத்தம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே குட்டிக் குட்டியாக நெளிந்தன. அவள் முகத்தில் ஈயாடவில்லை. வாசற்கதவில் சிவப்புத் தாள் ஏறியது. எதிர்வீட்டு மாடியிலிருந்து, "என்னங்க தலைவி, கதவுக்குப் புதுசா பெயிண்டா?" என்று ஒரு குரல் கேட்டது.

அவமானத்தில் அவள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பாதி உடம்பை நுழைத்துத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு மகன் வந்தான். அவன் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்ப்பான். பெற்ற தாயை மட்டும் கண்ணாடி போட வைக்க அவனால் முடியவில்லை. "எனக்குக் கண்ணு கழுகுக் கண்ணு," என்பாள் அவள். கழுகு நேற்றுத்தான் பல் விளக்குகிற பசைக்குப் பதிலாக வலிக் களிம்பைப் பிதுக்கியிருந்தது. மகனுக்கு வயது முப்பத்திரண்டு. எத்தனையோ பெண் பார்த்தாயிற்று. போய்விட்டு வந்து, "இடது கண்ணு கொஞ்சம் வீக்கும்மா" என்பான், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் அன்றைக்கு அந்தப் பெண்ணின் நழுவுகிற கண்ணாடியை வாங்கி, சட்டைப் பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து, திருகாணியை முறுக்கிக் கொடுத்தான். அவள் மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கவுத்தம்மா இதைப் பார்க்கவில்லை. அவள் தலை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது.

அடுத்த வாரம் ஃப்ரிட்ஜ் தட்டு நகை போல் மின்னியது. அந்தப் பெண் குளியலறைக்குள் போனாள், சோப்புத் தட்டை டார்ச் அடித்துப் பார்த்தாள், குனிந்து இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள், பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "சிவப்புதான் மேடம்" என்றாள். அதற்கு அடுத்த வாரம் வீட்டுக்காரர் பல்செட் போட்டு வைக்கிற கிண்ணம். வீட்டிலேயே நிமிர்ந்து நிற்க அனுமதி வாங்கியிருந்த ஒரே கிண்ணம் அது.

"நான் இதுல இருந்து எடுத்துத்தானே வாயில வச்சேன் காலையில," என்றார் வீட்டுக்காரர், நிதானமாக. அப்புறம் அன்றைக்கு முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை, ஒன்றும் மெல்லவும் இல்லை.

கவுத்தம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பூச்சாடியைக் கவிழ்த்தாள். பேனா குத்தி வைக்கிற குப்பியைக் கவிழ்த்தாள். சாப்பாட்டு மேஜையில் குழம்புக் கிண்ணத்தைக் கவிழ்க்கப் போன கையை வீட்டுக்காரர் எட்டிப் பிடித்தார். தெருவில் பேச்சு வேறு பரவிவிட்டது. அவள் ஒலிபெருக்கியை எடுத்தாலே பிள்ளைகள், "முதல்ல உங்க வீட்டுல கவுங்க" என்று கத்திவிட்டு ஓடினார்கள். மூன்று சிவப்பு ஆயிற்று. நாலாவதும் சிவப்பு என்றால் குழுவும் போச்சு, ஒலிபெருக்கியும் போச்சு. அவள் போட்ட விதியே அவள் கழுத்தில் வந்து விழுந்தது. அதுவும் யாரிடம் போகும்? டீச்சரிடம் போகும்.

"வீட்டுக்குள்ளயே எவனோ கொண்டாந்து போடுறான்," என்றாள் வீட்டுக்காரரிடம். "இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன் பாருங்க."

நாலாவது சோதனை நாள் காலையில் வீட்டில் நிமிர்ந்திருந்த பொருள் என்று ஒன்றும் கிடையாது. குளிக்கிற மக்குகூடக் கவிழ்ந்து கிடந்தது. பல்செட் காய்ந்த துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கட்டிலில் கொசுவலைக்குள் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு, திறந்த கதவு வழியாகப் பின்பக்கம் துவைக்கிற இடத்தைக் காவல் காத்தாள் கவுத்தம்மா. துணைக்கு வீட்டுக்காரரும் உள்ளே. ஏனென்றால் கழுகுக்கு வலையைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

"யாரோ வர்ற மாதிரி இருக்கே. யாரு?"

"உன் பையன்தான்."

"கடைக்குப் போகலையா? என்ன பண்றான்?"

வீட்டுக்காரருக்குப் பழைய தொழில் ஞாபகம் வந்துவிட்டது. "நேரா வர்றான். லெஃப்ட்ல பாக்குறான். ரைட்ல பாக்குறான். கையில ஒரு பாலிதீன் பை, உள்ள தண்ணி. இரு, இரு. ரிவர்ஸ் எடுக்கிறான். வாளிகிட்ட நிறுத்திட்டான்."

"வாளிதான் கவுந்திருக்கே, அதுல எப்படி ஊத்துவான்?"

"கவுந்த வாளிக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்குல்ல? சுத்தி விளிம்பு, நடுவுல குழி. அந்தக் குழியில ஊத்துறான்."

கவுத்தம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கவிழ்த்த வாளியின் முதுகில் தண்ணீர். இத்தனை காலம் கவிழ்த்திருக்கிறாள், அங்கே ஒரு குழி இருப்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அதைவிடப் பெரிய இடி, பெற்ற பிள்ளையே வீட்டுக்குள் புழு கொண்டுவந்து விடுகிறான் என்பது. "பத்து மாசம் சுமந்து பெத்தேனே, துரோகி. கண்ணாடி போட மாட்டேன்னு சொன்னதுக்கா இந்தப் பழி வாங்குறான்?"

"இவளே, கொஞ்சம் பொறு," என்றார் வீட்டுக்காரர். "அவன் சட்டை இஸ்திரி போட்டிருக்கு."

"அதுக்கென்ன இப்ப?"

"தலை சீவியிருக்கான். இப்ப பாலிதீன் பையை மறைச்சுட்டு, ஜன்னல் கண்ணாடியில முகம் பாத்து மறுபடியும் சீவுறான். உன் பையன் தலை சீவி நீ என்னிக்காவது பாத்திருக்கியா?"

கவுத்தம்மா வாயைப் பிளந்தாள். சோதனை நாளுக்கு மட்டும் புழு. சோதனை நாளுக்கு மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கடையிலிருந்து ஓடி வருகிற மகன். பச்சை வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். சிவப்பு வீட்டுக்கு வாராவாரம் வருவார்கள். ஒவ்வொன்றாக அவள் மண்டைக்குள் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் கொசுவலை நாலு மூலையும் ஆடியது.

"அடப் பாவி," என்றாள். "அடப் பாவி, இதைச் சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லையாடா."

அந்தச் சமயம் பார்த்து வாசலில் மணி அடித்தது. பூப்போட்ட குடையோடு டீச்சர், குழுவில் இன்னும் நாலைந்து பேர், அவர்களுக்கு முன்னால் பையும் கரண்டியுமாக அந்தப் பெண். "நாலாவது வாரம் இல்லையா, அதான் எல்லாருமா வந்தோம்," என்றாள் டீச்சர், கல்யாண வீட்டுக்கு வந்த குரலில்.

"வந்துட்டேன், ஒரு நிமிஷம்," என்று கத்திவிட்டுக் கவுத்தம்மா பின்பக்கம் ஓடினாள். மகன் வாசலுக்கு ஓடிவிட்டான்; கதவைத் திறக்க அவனுக்கு அத்தனை அவசரம். வாளி தனியாகக் கிடந்தது. அதை ஒரு புரட்டு புரட்டினால் போதும். தண்ணீர் கொட்டிவிடும், கதவில் பச்சை ஏறும், ஒலிபெருக்கி கையிலேயே இருக்கும், டீச்சரின் முகம் தொங்கிப்போகும். அவள் கை தானாகப் போய் வாளியின் விளிம்பைப் பிடித்தது. அதைக் கொட்ட வேண்டுமானால் வாளியை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்திப் பழக்கமில்லாத கை ஒரு கணம் தடுமாறியது.

அந்த ஒரு கணத்தில் வாசலில் மகன் பேசுவது அவளுக்குக் கேட்டது. "கண்ணாடி மறுபடியும் கழண்டுடுச்சா? குடுங்க, முறுக்கித் தர்றேன்." அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, இவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்து அழுத அந்த இரவெல்லாம் அவளுக்கு நெஞ்சில் வந்து முட்டியது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தெரு கிடக்கிறது தெரு. கவுத்தம்மா வாளியிலிருந்து கையை எடுத்தாள்.

எல்லோரும் பின்பக்கம் வந்தார்கள். பெண் டார்ச்சை அடித்தாள். டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்து, "நெளியுதே," என்றாள். "கவுத்த வாளி மேலயே நெளியுதே."

மகனின் முழி திருட்டு முழியாக இருந்தது. அம்மா இப்போது வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள், வீட்டையே புரட்டுவாள், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்து அவன் சுவரோடு ஒட்டி நின்றான். கவுத்தம்மா குதிக்கவில்லை.

"என் தப்புதான்," என்றாள். "வாளி முதுகைத் துடைக்கணும்னு எனக்குத் தோணலை. வயசாச்சு பாருங்க, மறதி."

அவள் வாயிலிருந்து "என் தப்பு" என்று வந்ததை அந்தத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை. டீச்சரே அசந்துவிட்டாள். கவுத்தம்மா உள்ளே போய் ஒலிபெருக்கியை எடுத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்து, டீச்சர் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் இழுத்தது. "பட்டனை அழுத்திப் பிடிச்சுட்டுப் பேசணும். அப்புறம் உங்க வீட்டு வாளி முதுகையும் பாத்துக்கங்க," என்றாள். டீச்சர் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே பட்டனை அழுத்திவிட்டாள். தெருக்கோடி வரைக்கும் அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது.

கூட்டம் போனது; கதவில் சிவப்பை ஒட்டிவிட்டு அந்தப் பெண் மட்டும் பை எடுக்க உள்ளே வந்தாள். கவுத்தம்மா கதவைச் சாத்தினாள். பின்பக்கம் வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மகனிடம் திரும்பினாள்.

"டேய். பாலிதீன் பை எங்கடா?"

மகன் பாண்ட் பையிலிருந்து எடுத்தான். ஈரம் சொட்டியது. அதில் ஒரு மீன் படம், அடியில் வண்ண மீன் கடையின் விலாசம்.

"கொசுப்புழுவைக் காசு குடுத்து வாங்குற முதல் ஆளு என் பையன்தான்," என்றார் வீட்டுக்காரர், கொசுவலைக்குள்ளிருந்தே.

"அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து என்ன பாடுபட்டோம், மறந்துட்டியாடா? இது கொசுவாகி மறுபடியும் கடிச்சா?"

"சோதனை முடிஞ்சதும் நானே கொட்டிக் கழுவிடுவேம்மா. சத்தியமா," என்றான் மகன்.

அப்போது அந்தப் பெண் தொண்டையைச் செருமினாள். "மேடம், இது கொசுவாகாது."

"என்னது?"

"கொசுப்புழு தண்ணிக்கு மேல வந்து, தலைகீழாத் தொங்கி மூச்சு விடும். நிழல் பட்டா துள்ளி அடியில ஓடும். இது அடியிலயே கிடக்கு, சிவப்பா இருக்கு. மீனுக்குப் போடுற தீனி. வளந்தாலும் கடிக்காத பூச்சிதான் வரும்."

"தலைகீழாவா தொங்கும்? அப்ப கொசுவும் உன் கட்சிதான்," என்றார் வீட்டுக்காரர். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"கடைக்காரர்கிட்ட தண்ணியில நெளியுற புழு வேணும்னு கேட்டேன், இதைக் குடுத்தார்," என்றான் மகன். ஊருக்கெல்லாம் பவர் பார்க்கிறவன் வாளி முதுகின்மேல் குனிந்து, முதன்முறையாகப் புழுவின் நிறத்தைப் பார்த்தான்.

கவுத்தம்மா அவனை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "ஏம்மா, இது கொசுப்புழு இல்லைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"சோப்புத் தட்டுல பாத்தப்பவே."

"அப்புறம் எதுக்குச் சிவப்பு ஒட்டின?"

பெண் டார்ச்சை அணைத்தாள், மறுபடி போட்டாள், மறுபடி அணைத்தாள். காது மடல் வரைக்கும் சிவந்துபோயிருந்தது. மகன் மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"வாராவாரம் உன் கண்ணாடித் திருகாணி கழண்டுச்சே, அதுவாவது நிஜமா?" என்றாள் கவுத்தம்மா.

"தெருமுனையில நின்னு நான்தான் கழட்டுவேன்," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "இவர் முறுக்குற முறுக்குக்குத் தானா கழலாது."

மகன் வாளிமேல் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் இருக்கிறதே என்ற நினைப்புகூட அவனுக்கு இல்லை. இஸ்திரி போட்ட பாண்ட் நனைந்து தொப்பலானது. அவன் முகத்தில் அப்படி ஓர் இளிப்பு.

"அட சண்டாளங்களா," என்று ஆரம்பித்தாள் கவுத்தம்மா. "என் மானத்தைக் கப்பலேத்தி விட்டுட்டு, அந்தக் கப்பல்ல நீங்க ரெண்டு பேரும் வாராவாரம் சவாரியா? தெருவுல தலை காட்ட முடியலை. சின்னப் பசங்கல்லாம் கேலி பண்ணுது. ஆசையா வச்சிருந்த மைக்கை என் கையால டீச்சர்கிட்ட தூக்கிக் குடுத்தேனே. அந்தப் பொம்பளை குரல் கேக்குதா, பாரு, என் மாதிரியே 'கவுத்திடுங்க'ங்கிறா." திட்டத் திட்ட அவளுக்குச் சிரிப்பு முட்டியது. சிரிப்பை அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண் பயந்துவிட்டாள். பரபரவென்று பையைத் திறந்து தாள்களைத் தேடினாள். பாதித் தாள் கீழே விழுந்தது.

"தப்புதான். பெரிய தப்புதான். நானே டீச்சர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடுறேன். மைக்கைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுறேன். இந்தாங்க, இப்பவே சிவப்பைக் கிழிச்சுட்டுப் பச்சை ஒட்டிடுறேன் அத்தை."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பச்சைத் தாள் கையோடு அப்படியே நின்றாள். மகன் மூச்சுவிட மறந்தான். வலைக்குள்ளிருந்து வீட்டுக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

கவுத்தம்மா அவள் கையிலிருந்த பச்சைத் தாளை வாங்கித் தரையில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"மைக்கும் கிடக்கட்டும், பச்சையும் கிடக்கட்டும்," என்றாள். "கடைசியா என்னவோ கூப்பிட்டியே, அதை இன்னொரு தடவை சொல்லு."